கண்டிகோட்டா பாறைகளில் கன்னியம்மா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் அண்டா கழுவுகிறவள் கன்னியம்மா. முன்பெல்லாம் நடவு, களையெடுப்பு என்று இருந்தவள்தான். வயல்களைச் சுற்றிக் காம்பவுண்டுச் சுவர் எழும்பியதும், தெருவில் பாதிப் பெண்களைப் போல அவளும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரே மகன் சின்னதுரை அதே கம்பெனியில் மிஷின் ஓட்டினான். போன வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம், எளாவூர் செக்போஸ்ட் தாண்டி பைக்கில் வந்துகொண்டிருந்தவனை ஒரு லாரி அடித்துப்போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கன்னியம்மா அழவில்லை. தெருவில் அதுதான் பேச்சு. மாரடித்துக்கொண்டவர்கள் எல்லாம் ஓய்ந்து டீ குடிக்கப் போன பிறகும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனாள். சோறு வைத்தால் சாப்பிட்டாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. புருஷன் சடையப்பன், குடோன் வாட்ச்மேன், குடித்துவிட்டு வந்து மகன் பெயரைச் சொல்லி அழுவான். அவள் பாயை விரித்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வாள்.

சின்னதுரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரெண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் போதும், கூட்டாளிகளோடு கடப்பா பக்கம் கண்டிகோட்டாவுக்குப் போய்விடுவான். பாறை பாறையாக ஏறி இறங்கி, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு, சட்டை முழுக்கச் சிவப்புப் புழுதியோடு வந்து நிற்பான். துவைக்கும்போது கன்னியம்மா திட்டித் தீர்ப்பாள்.

இந்த வருடம் மாசியில் அவன் கூட்டாளி பார்த்திபன் கேன்டீன் பின்பக்கம் வந்து நின்றான்.

"அம்மா, நாங்க கண்டிகோட்டா போறோம். நீயும் வாம்மா. அவன் சுத்திக்கினு இருந்த எடத்த ஒரு தபா பாரு."

"நான் வந்து இன்னாடா பண்ணப் போறேன்?"

"சும்மா வந்து குந்தும்மா. நீ வரேன்னா ஜெனிபர் ஊட்லயும் அனுப்புவாங்க."

ஜெனிபர் பேக்கிங் செக்‌ஷன் பெண். சாப்பாட்டு வரிசையில் பார்த்த முகம். அவள் எதற்கு வருகிறாள் என்று கன்னியம்மா கேட்கவில்லை. மாட்டேன் என்றால் இன்னும் பேச வேண்டியிருக்கும். சரி என்றாள்.

வேன் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மரம் மட்டை இல்லாத பூமி. எங்கே பார்த்தாலும் முள்ளும் கல்லும். செங்கல் சூளையைக் கலைத்துக் கொட்டியது போலச் சிவப்புப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ரப்பர் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு ஏறினாள். நடவில் பழகிய கால்கள், தடுமாறவில்லை. ஜெனிபருக்குத்தான் இரண்டு இடத்தில் கை கொடுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

உச்சியில் ஒரு பெரிய பலகைப் பாறை. அதன் விளிம்புக்கு அப்பால் பூமி பிளந்து, அடி ஆழத்தில் பெண்ணாறு பச்சையாக ஓடியது.

"இங்கதாம்மா அவன் குந்துவான்" என்றான் பார்த்திபன்.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள். புடவையைத் தாண்டிக் கல் சுட்டது. அவ்வளவுதான். இவர்கள் இதற்காகத்தானே கூட்டி வந்தார்கள் என்று தோன்றியது. ஆனாலும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. பார்த்திபன்தான் திடீரென்று தேம்பினான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், ஒரு வேலையைப் போல.

பொழுது சாய்கிற நேரம் மைலவரம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார்கள். தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று பேயாக அடித்தது. அடித்த முளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, உள்ள போய்க் குந்திக்கோ, பறக்காது!" என்று பார்த்திபன் கத்தினான்.

கன்னியம்மா உள்ளே போய் நடுவில் சம்மணமிட்டாள். இன்னும் கனம் போதாது என்று ஜெனிபரையும் உள்ளே தள்ளினார்கள். வெளியே பையன்கள் கல் உருட்டி வந்து மூலைகளில் வைத்தபடி ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"ம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜெனிபர். "நானும் தொரையும் கட்டிக்கிறதா இருந்தோம். பொங்கல் கழிச்சி உங்ககிட்ட பேசறேன்னு சொன்னான். இந்த எடத்துக்கும் இட்டாறேன்னு சொல்லிக்கினே இருந்தான்."

கன்னியம்மா தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை.

"இப்ப ஊட்ல வேற எடம் முடிவு பண்ணிட்டாங்கம்மா. மே மாசம், பொன்னேரி சர்ச்சுல."

"நீ ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன்."

"பையன் நல்லவனா?"

"அப்டிதான் தெரியுது."

"அப்பறம் இன்னா, கட்டிக்கோ."

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லியா?"

"கோவம் வந்தாக்கூடத் தேவல. வர மாட்டேங்குதே, இன்னா பண்ண?"

ஜெனிபர் குப்புறப் படுத்து அழுதாள். அவள் தலைமுடியெல்லாம் புழுதி. கன்னியம்மா அதை விரலால் கோதி உதறிக்கொண்டிருந்தாள். காற்று அடங்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

மே மாதம் கல்யாணத்துக்கு சடையப்பனையும் கூட்டிக்கொண்டு போனாள். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரிசப்ஷன் மேடையில் ஜெனிபர் மாப்பிள்ளையிடம், "இவங்க கன்னியம்மா..." என்று ஆரம்பித்து ஒரு கணம் நின்றாள். பிறகு, "எங்க கம்பெனி கேன்டீன்ல கீறாங்க" என்று முடித்தாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கன்னியம்மா இருவர் தலையிலும் கை வைத்துவிட்டு இறங்கினாள். பந்தியில் பிரியாணி சாப்பிட்டாள். சடையப்பன் இலைக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகும் பார்த்திபன் கூட்டம் எப்போது கிளம்பினாலும் கன்னியம்மாவும் கிளம்பிவிடுகிறாள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. பாறையில் ஏறுகிறாள், சும்மா உட்கார்ந்திருக்கிறாள், இறங்கி வருகிறாள். அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. போன தடவை பை கட்டும்போது சடையப்பன் வாசலில் நின்று கேட்டான்.

"அப்டி இன்னாதான் கீது அங்க?"

"கல்லு கீது. தண்ணி கீது" என்றாள். "நீயும் வாயேன்."

அவன் யோசித்தான். டூட்டி இருக்கிறது என்றான். அவள் வேனைப் பார்த்து நடந்தாள்.