கூழுக்கு நான் மாற்றிக் கொடுத்த சோறு

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் குமாஸ்தாவாக இருந்தேன். வேலைதான் குமாஸ்தா, நினைப்பெல்லாம் பயில்வான் நினைப்பு! விடிவதற்குள் எழுந்து நூறு தண்டால், இருநூறு பஸ்கி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரயிலேறி விழுப்புரம் போய், அங்கே ஒரு வஸ்தாது நடத்திய கோதாவில் கர்லாக்கட்டை சுற்றிவிட்டு வருவேன். வீட்டில் சொந்த நிலம், கறவை மாடு, கோழி எல்லாம் இருந்ததால் பாலுக்கும் முட்டைக்கும் குறைச்சல் இல்லை.

புஜம் திரண்டது, மார்பு அகன்றது. வயிறு மட்டும் பூசணிக்காய் மாதிரி வழவழவென்றே இருந்தது. பயில்வான் படங்களில் வயிறு கட்டுக்கட்டாகத் தெரியுமே, அந்த ஆறு கட்டு எனக்கு வந்து தொலையவில்லை. பொங்கலுக்குக் கோதாவில் எல்லோரும் சட்டையைக் கழற்றி மேடையேறுவார்கள். அதற்குள் எப்படியாவது வரவழைக்க வேண்டுமே என்று ஒரே பேஜாராக இருந்தது.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர் பெருமுக்கல் பக்கத்து ஆள். நிலபுலன் இல்லாத குடும்பம். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒரு நாள் அவர் துண்டை உதறிக்கொண்டு வெயிலில் நின்றபோது பார்த்து அசந்துபோனேன். நான் தவம் கிடந்த ஆறு கட்டும் அவர் வயிற்றில் இருந்தது!

"இன்னாப்பா துண்ற நீ?" என்று கேட்டேன்.

"இன்னா சாமி துண்ணப் போறேன், கேப்பைக் கூழுதான்" என்று சிரித்தார்.

ஆகா, ரகசியம் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. நாளை முதல் மத்தியானச் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். என் தூக்கில் இருக்கும் சோறும் இரண்டு முட்டையும் அவருக்கு, அவர் கூழ் எனக்கு. "அது உங்களுக்கு ஆவாதுங்க" என்று தயங்கினார். நான் விடவில்லை. யாருக்கு எத்தனை மூட்டை வேலை என்று சொல்கிறவன் நான். என்னிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஆறு கட்டு ஆசையில் அவர் வீட்டுக் கூழைக் குடிக்கத் துணிந்தேனே தவிர, சாதி பார்க்கும் அந்தக் கால வழக்கப்படி அவர் எட்ட நின்றுதான் அதை என் பாத்திரத்தில் ஊற்றுவார். நான் கொடுக்கும் சோற்றைத் தன் சட்டியில் வாங்கிக்கொண்டு மண்டிக்குப் பின்னால் போய்விடுவார். அரிசிக்கு ஊரே அல்லாடிய நாட்களில் ஒரு மனுஷனுக்கு நல்ல சோறு போடுகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு!

மூன்று வாரம் போனது. என் வயிற்றில் லேசாக ஒரு கோடு தெரிந்தது. தினமும் கண்ணாடியில் அதைத்தான் பார்த்தேன். எதிரிலேயே நடமாடிய மனுஷனின் முகம் வாடிக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை தொடங்கியிருந்தது. மல்லாட்டை மூட்டையோடு, வண்டியில் சாய்த்து வைத்த பலகையில் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே சாய்ந்து கீழே விழுந்தார். மூட்டை அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து கிழிந்தது. நான் ஓடிப்போய் அவரை மடியில் கிடத்தினேன். எட்ட நிற்கிற வழக்கமெல்லாம் அப்போது எங்கே நினைவுக்கு வந்தது! உயிர் இருக்கிறதா என்று அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். முகத்தில் தண்ணீர் அடித்ததும் மெதுவாகக் கண் திறந்தார்.

"இப்பதான சாப்பிட்ட, இன்னா ஆச்சு?" என்றேன்.

அவரோடு மூட்டை தூக்குகிறவர் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொன்னார். "எங்க சாப்ட்டான்? உங்க சோத்த சட்டியில அப்படியே மூடி வச்சிக்கினு, சாயங்காலம் புள்ளைங்களுக்கு எடுத்துக்கினு போறான். மூணு வாரமா மத்தியானத்துல பச்சத் தண்ணிதான்."

கீழே கிடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சிக்காதீங்க சாமி. புள்ளைங்க முட்டைய இப்பதான் துண்ணுதுங்க" என்றார்.

சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது. பசியில் ஒட்டிப்போன வயிற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, அந்த வயிற்றுக்கு இருந்த ஒரு வேளைக் கூழையும் பிடுங்கிக் குடித்திருக்கிறேன். அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்துக் கடையில் இட்லி வாங்கி வந்து என் கையாலேயே ஊட்டினேன். மண்டியே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் கேட்டு இரண்டு தூக்கு கூடுதலாகக் கொண்டுபோனேன். ஒன்று பிள்ளைகளுக்கு. இன்னொன்றை அவர் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தப் பொங்கலுக்கு நான் மேடையேறவில்லை, ஏறத் தோன்றவும் இல்லை.

தண்டாலை இன்னமும் விடவில்லை. ஆனால் ஒட்டிய வயிற்றோடு யாராவது வேலை செய்வதைக் கண்டால், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்காமல் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை, "சாப்பிட்டேங்க" என்று பதில் வந்தாலும் சட்டென்று நம்பிவிடுவதும் இல்லை.