ஐந்து நிமிடச் சிரிப்பு

மலேசியாவில், கிள்ளான் தொலைபேசி நிலையத்தில் சீதாலெட்சுமி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பு கேட்பவர்களுக்கு லைன் போட்டுக் கொடுக்கும் வேலை. கணீரென்ற குரல் அவளுக்கு.

1975இல், தினமும் காலை ஒன்பது மணிவாக்கில் ரவாங்கிலிருந்து ஓர் அழைப்பு வரும். அங்கே ரப்பர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்த இராமலிங்கம், போர்ட் கிள்ளானில் உள்ள கப்பல் ஏஜெண்டோடு பேச வேண்டும் என்பார். லைன் கிடைக்கும்வரை இரண்டு வார்த்தை பேசுவார். ரவாங்கில் மழை என்பார், அங்கே எப்படி என்று கேட்பார். அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரல் இல்லாத காலைப்பொழுது அவளுக்கு நகர மறுத்தது. எட்டு மாதம் கழித்து, வீட்டாரோடு பெண் பார்க்க வரலாமா என்று அவர் கேட்டார். அப்பாவின் பெயரையும் வீட்டு முகவரியையும் அவள் இரண்டு முறை சொன்னாள்.

அந்த மாதங்களில்தான் வேறொன்றும் தொடங்கியிருந்தது. மதியத்துக்கு மேல் அவள் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும். வலது கண்ணிமை தொங்கும். இட்லியை மெல்லவே தாடை சலித்துப்போகும். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதனால் யாரும் நம்பவில்லை. சோம்பல் என்றார் சூப்பர்வைசர். கண் பட்டிருக்கிறது என்று அம்மா வள்ளியம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பக்கத்துக் கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்து, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள்.

ரவாங்கிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. சீதா அன்று காலையிலிருந்து வீடு கூட்டி, பலகாரம் சுட்டு, ஓயாமல் நின்றிருந்தாள். தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். குரலாக மட்டுமே தெரிந்திருந்த மனிதர் வெள்ளைச் சட்டையில், நினைத்ததைவிட ஒல்லியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து அவள் மனசாரச் சிரித்தாள். ஏதோ கேட்டார். பதில் சொன்னாள், சொற்கள் குழைந்தன. சரி, வெட்கமென்று நினைத்துக்கொள்வார் என்று சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் குரல் வந்தது. முதல்முறையாக மழையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்லா. அவ்வளவு தூரம் வர வச்சு, எங்க அக்கா முன்னாடி மூஞ்சியச் சுளிச்சிருக்க வேணாம்."

சீதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் பின்னால் நின்றிருந்தார். "லைன் தர்றேன் சார்" என்று மட்டும் சொல்லி இணைப்பைக் கொடுத்தாள். மறுவாரத்திலிருந்து ரவாங் ஆலைக்காக வேறொருவர் பேசினார்.

நான் சிரித்தேனே, எப்போது முகம் சுளித்தேன்? இதை யாரிடம் கேட்பது? ஒரு நாள் மாலை கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தாள். உதட்டின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. நடு உதடு மட்டும் விலகிப் பல் தெரிந்தது. எரிந்து விழப்போகிற முகம்போல் இருந்தது. அன்றிலிருந்து மாலையில் அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, தண்ணீர் குடிக்கும்போது அது மூக்கு வழியே வந்தது. பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரில் ரோடு போடும் வேலையிலிருந்த அப்பா சின்னையா பயந்துபோய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளையும் மனைவியையும் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே நரம்பு நோய் பார்த்தவர் டாக்டர் தியாகராசா, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவர். மேலே பார்க்கச் சொல்லி, இமை இறங்குவதைக் கவனித்தார். ஒன்றிலிருந்து ஐம்பதுவரை எண்ணச் சொன்னார். முப்பதுக்கு மேல் அவள் குரல் கரைந்தது.

பிறகு கை ரத்தக் குழாயில் ஓர் ஊசி போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, யாரோ சுண்டி இழுத்ததுபோல் இமை மேலே போனது. வள்ளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் ஒரு கண்ணாடியை நீட்டினாள். சீதா சிரித்தாள். அது அவளுடைய சிரிப்பேதான்.

"கொஞ்ச நேரந்தான் நிக்கும், அஞ்சு நிமிசம். பேச வேணுமெண்டா இப்ப பேசுங்கோ" என்றார் டாக்டர்.

"அம்மா, எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் சீதா. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. "நான் சிரிச்சேம்மா. அவருக்குத்தான் தெரியல."

வள்ளியம்மா அழுதாள். சீதா அழவில்லை, அழுது அந்த முகத்தைக் கலைக்க அவளுக்கு மனமில்லை. இமை மெல்ல இறங்கும்வரை கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

நோயின் பெயர் மயஸ்தீனியா என்றார் டாக்டர். மூளை உத்தரவு அனுப்புகிறது, நரம்பும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடங்களை உடம்பின் காவல்படையே தவறுதலாக அடைத்துவிடுகிறது, அதனால் தசை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது என்று விளக்கினார். சீதாவுக்கு அது எளிதாகவே புரிந்தது. லைன் போகிறது, அந்தப் பக்கம் எடுக்க ஆளில்லை.

"இது உங்கட குணமில்லை பிள்ளை, நோய்" என்றார். இரண்டு வருடமாக யாரும் சொல்லாத சொல் அது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம், காலை ஒன்பது மணிக்கு, அவளே ரவாங்குக்கு லைன் போட்டாள். என்ன சொல்வதென்று தாளில் எழுதி வைத்திருந்தாள். இராமலிங்கம் தை மாதம் கல்யாணம் முடித்து ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாக அங்கிருந்தவர் சொன்னார். புது நம்பர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றாள். அந்தத் தாளை அவள் கிழிக்கவுமில்லை.

அடுத்த ஆண்டு, நோயைத் தூண்டுகிறது என்று நெஞ்சுக்குள்ளிருந்த ஒரு சுரப்பியை எடுத்தார்கள். தேறி வருவதற்குள் இரண்டு வருடம் போயிற்று. வேலையைக் கோலாலம்பூருக்கு மாற்றிக்கொண்டு, கிளினிக் போக வசதியாக அங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை எடுத்தாள். பிறகு வந்த இரண்டு வரன்களிடமும் நோயை முதலிலேயே சொன்னாள். இருவரும் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. அவர்களில் எவருக்காகவும் அவள் காலையில் காத்திருந்ததில்லை.

1986இல் தம்பிக்குக் கிள்ளானில் கல்யாணம். வரவேற்பு மாலை ஏழு மணிக்கு. சீதா மத்தியானம் படுத்து எழுந்து, ஆறு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போனாள். புகைப்படக்காரர் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார்.

படங்கள் வந்தபோது அவள் வெகுநேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வயது முகம், இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்து, கன்னம் குழிய, முழுதாய்ச் சிரித்தது. இன்னொரு பிரதி வேண்டுமென்று தம்பியிடம் கேட்டு வாங்கினாள். ஓர் உறையில் போட்டு ஒட்டினாள். மேலே எழுத ஜொகூர் விலாசம் அவளிடம் இல்லை. உறையை அலமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இரவு மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.