கவுண்டர் கை வைக்காத பாடம்

மற்ற வியாபாரத்தில் ஆள் நிற்பார்கள், சரக்கு தீர்ந்துபோகும். முதியோர் கல்வியில் சிலேட்டும் பலப்பமும் குவிந்து கிடக்கும், ஆள்தான் வரமாட்டார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில், போளூர்க்காரியான என்னை ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

வாசலோடு நின்றவள்

சாயங்காலமானால் ராந்தலை ஏற்றிவைத்துக்கொண்டு, மையம் என்று கொடுத்த கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பொன்னி மட்டும் வாசல்வரை வருவாள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலங்காயத்தில் பஸ் மாறி ஏறி, எங்கேயோ போய் இறங்கி அழுதவள் அவள். பஸ் போர்டைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பாள். ஆனால் உள்ளே வரமாட்டாள். சாமை விதைப்பில் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முதல் கை விதை போட்ட பிறகுதான் மற்றவர்கள் விதைப்பார்கள். படிப்புக்கும் அதே முறைதானாம். மேற்பார்வையாளரோ, அடுத்த முறை வரும்போது யாரும் படிக்கவில்லை என்றால் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நான் சொன்னதும் பொன்னிக்கு முகம் வாடிவிட்டது.

"கவுண்டரு கை வெக்காம நாங்க எப்டி டீச்சரம்மா தொட்றது?"

தேனும் சாக்கும்

கவுண்டர் வீட்டுக்குப் போனேன். சாமைச் சோறும் தேனும் கொடுத்து உபசரித்தார். விதைப்பு முடியட்டும் என்றார். முடிந்தது. அறுப்பு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. எரிச்சல் தாங்காமல், படிக்கப் பிடிக்கவில்லையா என்று நேராகவே கேட்டுவிட்டேன். மனிதர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மொத கை மொளைக்கலைன்னா ஊரு என்னத்தான் கேக்கும். இந்த வயசுல எனக்கு எழுத்து மொளைக்குமா?"

புளி தட்டும் காலம்

கவுண்டர் வீட்டு வாசலில் பெண்கள் கொட்டை எடுக்கப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல், கொட்டைகளை வரிசையாக வைத்து ஒரு 'ப' செய்து, இதுதான் 'ப' என்று உரக்கச் சொன்னேன். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. அந்தப் பக்கம் வந்த கவுண்டர் குனிந்து பார்த்தார். வரிசையை விட்டு விலகிக் கிடந்த ஒரு கொட்டையை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எதுவும் கோணலாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். பொன்னி புளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல, கவுண்டரு கை வெச்சிட்டாரு."

மேற்பார்வையாளர் வந்தார்

அன்று மாலையிலிருந்து கொட்டகையில் இடம் போதவில்லை. கவுண்டர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் வந்த அன்று, ஊர் மரியாதைக்காக அவரும் வந்து உட்கார்ந்தார். வினையே அதுதான். கரும்பலகையில் 'பலா' என்று எழுதி, படி என்று பொன்னியைக் கேட்டார் மேற்பார்வையாளர். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கவுண்டர் வாய் திறக்காமல் இவள் எப்படித் திறப்பாள்? மற்றவர்களும் கவுண்டரையே பார்த்தார்கள். மேற்பார்வையாளர் கிளம்பத் தயாரானார். அப்போது கவுண்டர் எழுந்தார். பலகைக்குக் கிட்டே போய், அன்று புளியங்கொட்டையில் பார்த்த அந்த முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து, "ப" என்றார். பிறகு பொன்னி பக்கம் திரும்பினார்.

"மொத கை போட்டாச்சு. மீதிய நீங்க வெதைங்க."

பொன்னி படித்தாள், அவளுக்குப் பின்னால் கொட்டகையே படித்தது. மையம் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு அவள் பஸ் மாறி ஏறியதில்லை. அந்த மலையையும் அந்த மனிதர்களையும் நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

ஓர் ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்று நான் பெருமையடித்துக்கொண்டாலும், அந்த ஊரைக் கேட்டால் டீச்சரம்மா புளி தட்டத்தான் வந்தாள், எழுத்தை ஆரம்பித்துவைத்தது கவுண்டர் என்றுதான் சொல்லும்.