சம்மன் இல்லாத சாட்சி

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துத் தோட்டக்காரர் செல்போனை நீட்டிப் பிடித்தபடி செருப்போடு என் வீட்டுக்குள் வந்துவிட்டார். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவருடைய தம்பி சின்னவர். கல்வராயன் மலை அடிவாரத்தில் இரண்டு பேருக்கும் மரவள்ளிக் காடு இருக்கிறது. அதைவிட நன்றாக விளைவது அவர்களுக்குள் நடக்கும் வழக்கு.

"இதப் படிங்க சார். எனக்கெதிரா சாட்சி சொல்லப் போறாளாம். போட்டோ புடிச்சிப் போட்டே வுட்டுட்டானுங்க."

போனில் யாரோ வைத்திருந்த வாட்ஸப் ஸ்டேட்டஸ். ரோஜாப்பூ, வெள்ளைப் புறா, பின்னால் உதிக்கும் சூரியன். நடுவில், பெரியவரின் காட்டில் கூலி வேலை செய்யும் பெண், ஆதார் அட்டைக்கு நின்றது போல விறைப்பாக. கீழே, 'ஞாயிறு காலை நேரலையில் சகோதரி சாட்சி சொல்கிறார்கள். தவறாமல் பாருங்கள், பகிருங்கள்.'

நான் சிவில் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கு தாக்கலாவது முதல் தீர்ப்பு நகல் வாங்குவது வரை எல்லாக் காகிதமும் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. எத்தனையோ சாட்சிப் பட்டியல் பார்த்திருக்கிறேன். புறா பறக்கும் சாட்சிப் பட்டியலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது அந்தச் சாட்சி இல்லை. கடவுள் தனக்கு என்ன செய்தார் என்று சபையில் எழுந்து நின்று சொல்வார்கள். அதற்கும் சாட்சி என்றுதான் பெயர்" என்றேன்.

"சாட்சின்னா சாட்சிதான் சார். சும்மா எவனாச்சும் சாட்சி சொல்வானா? புதன்கெழம நமக்கு வாய்தா. ஞாயித்துக்கெழம இவ பேசறா. எல்லாம் என் தம்பிக்காரன் வேல. வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டேன்."

அவள் வீடு என்பது பெரியவரின் நிலத்து ஓரத்தில் தகரம் போட்ட ஒற்றை அறை. பட்டா இல்லை. அவளைச் சட்டப்படி அப்படி வெளியேற்ற முடியாது. முடியாது என்பதைக் கோர்ட்டில் நிலைநாட்ட அவளுக்கு எத்தனை காலம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பெரியவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஞாயிறு வரைக்கும் பொறுக்கும்படி சொல்லி, என் பொறுப்பில் விசாரிப்பதாக வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கும் சந்தேகம் இருந்தது, அந்த நேரலையை நடத்தும் போதகர் மேல். இளைஞர். சமவெளிப் பக்கத்திலிருந்து வந்து, மலையடிவாரத்தில் ஒரு ஷெட் பிடித்து, வளைய விளக்கும் மூன்றுகால் ஸ்டாண்டும் வைத்து ஊழியம் செய்கிறார். இரட்சிப்பு இலவசம் என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு வீடியோவும் மணி பட்டனை அழுத்தச் சொல்லி முடியும். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு மணி?

அந்தப் பெண்ணை வரச் சொன்னேன். காட்டிலிருந்து நேராக, கையில் களைக்கொத்தோடு வந்தாள்.

"உனக்குக் கோர்ட்டிலிருந்து ஏதாவது வந்ததா?"

"எனக்கு ரேஷன் கடையிலருந்தே ஒண்ணும் ஒழுங்கா வர்றதில்ல. கோர்ட்டுலருந்து இன்னா சார் வரப்போவுது?"

"ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லப் போகிறாய்?"

அவள் களைக்கொத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள். சில வருஷம் முன்னால் ஒரு மத்தியானம், நல்ல மழை. அவள் மகளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது.

"நூத்தியெட்டு அக்கரையிலியே நின்னுட்டுது சார். ஓடையோரமா வர்ற வழி முழுகிப் போச்சி. புள்ளய மடியில போட்டுகினு கத்திகினே இருந்தேன். பெரிய அய்யாதான் டிராக்டர எடுத்துகினு கெழக்கால வண்டிப் பாட்டையில வந்தாரு. ஊரே தண்ணியில கெடக்குது, அந்தப் பாட்டையில மட்டும் தண்ணி ஏறல. எங்களுக்காவத்தான் சார் கர்த்தர் அதக் காய வெச்சிருந்தாரு, புள்ள பொழச்சிகிச்சி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கே அந்தப் பாட்டையைப் பற்றியதுதான். தார் ரோட்டிலிருந்து பெரியவரின் நிலத்தின் வழியாக, இவள் வீட்டைத் தாண்டி, சின்னவரின் நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதை. பெரியவர் அதை உழுது மரவள்ளி ஊன்றிவிட்டார், சின்னவர் வழக்குப் போட்டுவிட்டார். 'அங்கே வண்டிப் பாதை என்று எக்காலத்திலும் இருந்ததில்லை' என்று எதிருரையில் எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.

"டிராக்டர் வந்தது என்று சொல்லு. எந்த வழியாக வந்தது என்பதை விட்டுவிடு" என்றேன். சாட்சியைக் கலைப்பது குற்றம். ஆனால் சம்மன் இல்லாத சாட்சியைக் கலைப்பதற்குப் பிரிவு கிடையாது.

"வழிய வுட்டுட்டா அப்பறம் அது இன்னா சார் சாட்சி? டிராக்டர் எல்லார் வூட்டுக்கும்தான் வருது. தண்ணி ஏறாத பாட்டை யாருக்கு வந்துது?"

"வீடு போய்விடும் அம்மா."

"தெரியுங்க" என்றாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு காலை பெரியவர் என் கூடத்தில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, போதகர் விலகினார், அவள் திரைக்கு வந்தாள். முதலில் தடுமாறினாள். பாம்பு வந்ததும் குரல் சரியாகிவிட்டது.

"கர்த்தர் தூதன அனுப்புவாருன்னு சொல்றாங்க. நான் றெக்கை வெச்ச தூதன பாக்கல. எங்க பெரிய அய்யாவத்தான் பாத்தேன். தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து எம்புள்ளைக்கிப் போத்தினாரு."

பெரியவர் என் தொடையைத் தட்டினார். "பச்சத் துண்டு சார். அப்பறம் அது திரும்பியே வர்ல."

"கெழக்கால வண்டிப் பாட்டையில..." என்று அவள் ஆரம்பித்ததும் அவர் கை அப்படியே நின்றது. பாட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வேப்பமரத்தடியில் திரும்புகிறது என்பது வரைக்கும் சொன்னாள். இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பும் கமிஷனர்கூட அவ்வளவு தெளிவாக அறிக்கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

திரையின் அடியில் எழுத்துகள் மேலேறத் தொடங்கின. 'ஆமென்.' போட்டது சின்னவர். பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தில் அலகு குத்திக் காவடி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் ஒரு ஆமென். மருமகள் கைகூப்பி ஒரு ஆமென். அந்த வீட்டில் வெள்ளி தவறாமல் கற்பூரம் எரியும்.

"பாத்தீங்களா சார்! குடும்பத்தோட கும்புட்டுகினு கீறானுங்க! இது கோர்ட்டுல செல்லுமா?"

"இப்படியே செல்லாது. படம் எடுத்தவர் சான்று கொடுக்க வேண்டும். அவளும் கூண்டேறி நேரில் சொல்ல வேண்டும்."

"சொல்வாளா?"

"வீடு போனாலும் போகட்டும் என்று ஊர் முன்னால் சொன்னவள், ஜட்ஜ் ஒருவர் முன்னால் சொல்ல மாட்டாளா?"

பெரியவர் போனைக் கையில் எடுத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். வீடியோவை மறுபடி ஓடவிட்டார். துண்டு வரும் இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். அப்போதுதான், முதல்தரம் நான் கவனிக்காத ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது. 'எங்களயும், சின்ன அய்யா வண்டியயும் அந்தப் பாட்டையில போவ வுட்டதும் அவருதாங்க. அப்பேர்ப்பட்ட மனசு.'

நிலத்துக்காரர் அனுமதி கொடுத்து நடந்த வழி, எத்தனை வருஷம் நடந்தாலும் நடந்தவருக்கு உரிமை ஆகாது. சட்டத்தில் அப்படி ஒரு சந்து இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் தகர வீடு கண்ணுக்குள் நின்றது, சொல்லிவிட்டேன்.

பெரியவர் வீடியோவை நிறுத்தினார். "அப்போ இவ என் சாட்சியா?"

"உங்களுக்கும். சின்னவருக்கும்."

புதன்கிழமை, பெரியவர் தரப்பில் கூடுதல் எதிருரை தாக்கல் செய்ய அவகாசம் கேட்டார்கள். பாதை இருந்தது, ஆனால் அண்ணன் பெருந்தன்மையால் இருந்தது என்பது புதிய நிலை. வீட்டைக் காலி செய்யும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. பெரியவர் அவள் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தார். சின்னவர் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு மூட்டை மணிலாக்கடலை போனது. அவள் எதிராளி பக்கம் போய்விடுவாளோ என்று இரண்டு பேருக்கும் பயம். அந்த வீடியோவை இரண்டு பேருமே பங்காளிகள், சம்பந்திகள், மரவள்ளி வாங்கும் சேகோ ஆலைக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் அனுப்பினார்கள். சின்னசேலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர் என்னிடமே அதைக் காட்டி, "ஒங்க ஊராமே, நல்ல மனுசன் சார் அந்தப் பெரியவரு" என்றார்.

போதகர் என்னைத் தேடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "அடிவாரத்துல எழுப்புதல் வந்துட்டுது அய்யா, ஜனங்க கர்த்தர் பக்கம் திரும்பறாங்க. காவடி எடுக்கறவங்கல்லாம் ஷேர் பண்றாங்க." எதற்காகப் பண்ணுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கும் ஸ்டாண்டும் வைத்திருந்தவரைச் சந்தேகப்பட்டது வீண் வேலையாகிவிட்டது. இப்போது என் சந்தேகமெல்லாம் அந்தப் பெண்மேல்தான்.

ஒருநாள் ஓடைப் பக்கம் அவளைப் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "அவர் மனசால் வழி விட்டார் என்று சொன்னாயே, தெரிந்துதான் சொன்னாயா?"

"இன்னா சார் தெரியணும்? அவரு வந்தாரு, அதச் சொன்னேன். வழி வுட்டாரு, அதயும் சொன்னேன். பாட்டைய வுட்டுடுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒங்க பேச்சக் கேட்டிருந்தா எங்க கெடந்திருப்பேனோ."

முகத்தைப் பார்த்தேன். கூண்டில் நின்ற எத்தனையோ முகங்களைப் படித்தவன் நான். இதில் ஒரு வரி பிடிபடவில்லை.

புல்கட்டைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு கேட்டாள். "அந்தக் கேசு எப்ப சார் முடியும்?"

"புது எதிருரை, அதற்குப் பதில், பிறகு விசாரணை, அதற்கு மேல் அப்பீல். இப்போதைக்கு முடியாது."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.