மூலையில் நின்ற புல்

விசுவாசக் குடும்பத்தாரே, கணக்கில் தோற்று அழுதவளுக்கு ஆண்டவர் பருத்திக் காட்டில் பதில் தந்தார் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள்.

அம்மா இறந்த பிறகு விக்கிரமங்கலம் வீட்டில் நான் மட்டும்தான். அரியலூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். தொகை நுண்கணிதம் என்ற ஒரே தாள் மட்டும் தேறாமல் நின்றது. போன கார்த்திகையில் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் பட்டம் இல்லை. என்னைப் படிக்கவைக்க அம்மா வெயிலில் காய்ந்ததெல்லாம் வீண்.

வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைச் செவ்வகப் பட்டைகளாக வெட்டிக் கூட்ட வேண்டும். ரீமான் கூட்டல் என்பார்கள். நான் கூட்டினால் உண்மையான பரப்பைவிடக் குறைவாகவே வரும். பட்டைகளைக் குறுக்கினால் சரியாகும் என்கிறது புத்தகம். ஏன் என்று கேட்க ஆளில்லை. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் பேசினால் சுவர்தான் கேட்டது. "ஆண்டவரே, சொல்லித்தர ஒரு ஆளை அனுப்பும்" என்று முழங்காலில் நின்று கதறினேன். யாரும் வரவில்லை.

ஐப்பசியில் ஏரியோரத்துப் பருத்திக் காட்டுக்குக் களையெடுக்கக் கூலிக்குப் போனேன். ஆளுக்கொரு நிரை, அதாவது நீளமாக ஒரு பட்டை நிலம், பிடித்து ஏரிக்கரை வரை எடுத்துக்கொண்டே போவோம். கரை வளைந்து போகும். சீக்கிரம் முடிக்கலாமென்று நான் அகலமாகப் பிடித்தேன். இடப்பக்கம் கரையைத் தொட்டதும் வலப்பக்கத்தையும் அதே நேரில் நிறுத்திவிட்டேன். அடுத்த நிரையிலிருந்த செல்வி அக்கா சத்தம் போட்டார்.

"ஏண்டி, அந்த மூலையில புல்லு அப்புடியே நிக்குது பாரு! கரை வளைஞ்சு போவுது. இம்மாம் அகலமா புடிச்சா மூல நிக்காம என்னா பண்ணும்? குறுக்கிப் புடி!"

திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கம் முக்கோணமாகப் புல். என் விடையில் குறைந்தது அதுதான்! நிரை குறுகினால் விடுபடும் மூலைகளும் சிறுக்கும். குறுகக் குறுக, மிச்சம் இல்லாமலே போகும். களைக்கொத்தைப் போட்டுவிட்டு அழுதேன்.

"திட்டுனதுக்கா அழுவுற?" அக்கா பயந்துவிட்டார். ஆண்டவரிடம் சொல்லித்தர ஆள் கேட்டேன். அவர் திட்டுவதற்கு ஆள் அனுப்பியிருந்தார்.

தேறிவிட்டேன். முடிவு வந்தபோது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அவ்வளவு கூட்டத்திலும் சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லை. அம்மா இருந்திருந்தால் அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன். பிறகு செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னா பரீட்சையோ எனக்குத் தெரியாது புள்ள. ராத்திரிக்கு வூட்டுக்கு வந்துரு. ஒண்டியா ஒக்காந்து சாப்புடாத."

அன்பானவர்களே, ஜெபத்துக்குப் பதில் திட்டாகவும் வரும். காது கொடுங்கள், அவரை நம்புங்கள். என் வீட்டில் தனிமை இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த மூலை நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வருகிறது. ஸ்தோத்திரம்.