நடுவில் ஒரு நீலக் கேபிள்

போன வியாழக்கிழமை காலை. கடலூரில் எங்கள் தெருவில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். இன்டர்நெட் போய்விட்டது. பதினொரு மணிக்கு என் மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. மாதக்கணக்கில் காத்திருந்த வேலை!

செல்போன் எதிலும் சிக்னல் இல்லை. என் கிழட்டு டெஸ்க்டாப்பில் செருகியிருந்த பழைய இன்டர்நெட் டாங்கிள் மட்டும், வேறு கம்பெனி என்பதால், உயிரோடு இருந்தது. அது விண்டோஸைத் தவிர யாரையும் மதிக்காது. மகளின் லேப்டாப்போ லினக்ஸ். சரி, என் டெஸ்க்டாப்பிலேயே பேசலாமென்றால் அதில் கேமரா கிடையாது.

அந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்த புண்ணியவான், என் மனைவியின் தம்பி, அப்போது ஹாலில்தான் இருந்தான். சிதம்பரத்துக்காரன். திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், அப்படியே அக்காவைப் பார்க்க வந்திருந்தான். என்னையல்ல. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போனதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை... மூன்று வருடமாக!

மருமகளுக்காக எழுந்து வந்தான். ஒரு நீலக் கேபிளால் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். நான் டெஸ்க்டாப் முன்னால். நடுவில் என் மனைவி, கையில் கரண்டியோடு.

"அக்கா, நெட்ட ஷேர் பண்ணச் சொல்லு."

"ஷேர் பண்ணணுமாம்."

"பண்ணியாச்சுன்னு சொல்லு."

"பண்ணிட்டாராம்டா."

"வரலியே! எதுல டிக் பண்ணாருன்னு கேளு."

"எதுல பண்ணீங்களாம்?" என்றவள் மோப்பம் பிடித்தாள். "ஐயோ, பருப்பு தீயுது! நீங்களே பேசிக்குங்க. நான் போறேன்."

ரவுட்டர் அடுப்படிக்குப் போய்விட்டது.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு பத்திரிகையில் என் பெயர் இல்லாமல் போனதற்காக இவள் வேலை போகலாமா?

"மச்சான்... கேபிள்லதான் டிக் பண்ணேன்."

அவன் நிமிர்ந்தான். "கேபிள்ல இல்ல மாமா. நெட்டு டாங்கிள்லல்ல இருக்கு? இருக்கற எடத்துலதான் டிக் பண்ணணும்."

பண்ணினேன். அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. லேப்டாப் என் டெஸ்க்டாப்பிடம் நெட்டுக்குள் போக ஒரு முகவரி கேட்டதாம். இது உடனே கொடுத்துவிட்டதாம். மச்சான் திரையைக் காட்டிச் சொன்னான். நீ யார் தயாரிப்பு, எந்தக் கட்சி, எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தாயா... ஒரு கேள்வி இல்லை! ஒரு ஃபைலைச் சேமிப்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பிறவிகள். கேட்டது, கொடுத்தது, அவ்வளவுதான். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான் வாயைப் பிளந்து நின்றேன்.

திரையில் யாரோ முகம் தெரிய, "குட்மார்னிங் சார்" என்றாள் மகள்.

இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில், மச்சான் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தான்: "அக்கா, மாமாவுக்கு ரசம் வேணுமான்னு..."

"நேராவே கேளுடா," என்றாள் என் மனைவி. "அதான் லைன் வந்துடுச்சுல்ல?"