மயில் வாகனனுக்கு நான் வைத்த சோளம்

மயில் அகவும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாகப் போய் வேட்டியில் துடைத்துக்கொள்கிறது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விடியும்போதே அந்தச் சத்தம்தான். ஊருக்கு அது விடியல். எனக்கு விசாரணை.

அடியார்களே, நான் முருக பக்தன். பதினோரு வருடமாகத் தை மாதம் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடக்கிறவன். எங்கள் குழுவுக்குப் பாட்டுக் கட்டுகிறவனும் நானே. மயில் வராத பாட்டு என்னிடம் கிடையாது. அதன் கழுத்தைக் கடல் என்று எழுதினேன். தோகையை விழித்திருக்கும் ஆயிரம் கண் என்று எழுதினேன். பாடும்போது பெண்கள் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கும். தூ!

அதே மயில் என் மக்காச்சோளத்தில் இறங்கியதும் அது எனக்குக் களவாணி ஆகிவிட்டது. கதிர் முற்றும் பருவம். பத்துப் பதினைந்து மயில்கள் வரிசையாக வந்து கொத்தின. போன தையில், நடைக்குக் கிளம்பும் நாளன்று, விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசி, மாலை போட்ட கழுத்தோடு, மருந்து கலந்த சோளத்தை வேலியோரம் தூவினேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கற்பூரம் ஏற்றினேன். என் பக்தியின் லட்சணம் அது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பந்தல்குடியை நெருங்கிவிட்டோம். முன்னால் முருகன் படம் வைத்த வண்டி. அதன் ஒலிபெருக்கியில் என் பாட்டு. அப்போது மனைவியின் போன்.

"என்னங்க, நம்ம பேச்சி வேலியோரம் கெடந்த சோளத்தக் கூட்டிச் சாக்குல அள்ளிட்டுப் போறா. சிந்துனதுதானேன்னு நானும் விட்டுட்டேன். நீங்க வந்து போன வருசம் மாதிரி சண்டைக்கு நிக்கக் கூடாது, ஆமா."

பேச்சியம்மாள் எங்கள் காட்டுக்குக் களை எடுக்க வருபவர். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். முந்தைய வருடம் கடலை பிடுங்கும்போது, அவர் முந்தியில் எதையோ முடிந்திருக்கிறார் என்று பத்துப் பேர் முன்னால், அந்தப் பிள்ளைகள் முன்னால், உதறிக் காட்டச் சொன்னவன் நான். விழுந்தது ஒரு கைப்பிடி சொத்தைக் கடலை.

"அதுல மருந்து இருக்குடி! மயிலுக்கு வச்சது! ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு!"

ரோட்டில் நின்று கத்திவிட்டேன். இருபது பச்சை வேட்டிகளும் திரும்பிப் பார்த்தன. ஒலிபெருக்கி மட்டும் என் மயிலைப் பாடிக்கொண்டிருந்தது. ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாருந்தான் வைக்கிறாக, சாமி."

கால் மணி நேரத்தில் மனைவி மறுபடி கூப்பிட்டாள். பேச்சியம்மாளின் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். பிள்ளைகளையும் காணவில்லையாம். காணும் பொங்கல் லீவு. மூவரும் எங்கோ ஒன்றாக இருக்கிறார்கள், அந்தச் சாக்கோடு. வேகவைத்தார்களோ, வறுத்தார்களோ.

எங்கள் குருசாமி தோளைத் தட்டினார். "மாலைய போட்டுட்டுப் பாதியில திரும்பக் கூடாது. நடந்துக்கிட்டே வேண்டிக்கங்க. முருகன் பாத்துக்கிருவாரு."

பாத்துக்கிருவாராம்! நாங்கள் விஷம் வைப்போம். அவர் வந்து அள்ள வேண்டும். அந்த வார்த்தை என் வாயிலிருந்தும் எத்தனை முறை வந்திருக்கிறது!

எதிரே வந்த லோடு ஆட்டோவை மறித்து ஏறினேன். அருப்புக்கோட்டை வரை அதில். அங்கிருந்து தெரிந்தவர் பைக். அதுவரை என் வேண்டுதல் எல்லாம் வியாபாரம்: இதைக் கொடு, மொட்டை போடுகிறேன், அதைக் கொடு, காவடி எடுக்கிறேன். அன்று கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. 'ஒரு மணிகூட அந்த மூன்று வாய்க்குள் போகக் கூடாது. ஒரு மணிகூட.' அவ்வளவுதான் வேண்டினேன். வழியெல்லாம் அதையே சொன்னேன். பாட்டுக்காரனுக்கு வேறு ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்து தேடினால், ஓடைக்கரையில் மூவரும் இருந்தார்கள். உயிரோடு. பேச்சியம்மாள் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தள்ளி, உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் சாக்கு. அதன் பக்கத்தில் இரண்டு மயில், ஒரு மைனா. மயிலின் கழுத்து முறுக்கிக் கிடந்தது. நான் எழுதிய கடலில் எறும்பு ஊர்ந்தது.

"என்ன மொதலாளி, திருச்செந்தூரு அதுக்குள்ள வந்துருச்சா? இல்ல, காலுல கொப்புளமா?"

"பேச்சியம்மா... அதுல எதையும் திங்கலயே? பிள்ளைக?"

"ஒங்க காட்டு மணி எங்க வாய்க்கு ஆகாதுன்னு போன வருசமே முடிவு பண்ணியாச்சு." நிமிராமலே சொன்னார். "காலையில பாத்தேன், மயிலு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் ஆடு வரும், குருவி வரும். ஊருப் பிள்ளைக வேற வெளையாடும். அதான் கூட்டி அள்ளுனேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? வச்சவுகதான் மால போட்டுச் சாமி கும்பிடப் போயிட்டாகளே."

உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதையும் அவர் மதிக்கவில்லை. மண்வெட்டியை என் பக்கம் நீட்டினார். "அழுதது போதும். இன்னும் ஒரு மொழம் ஆழம் வேணும். நாயி தோண்டும்."

வெட்டினேன்.

இதை எங்கள் பஜனை மடத்தில் சொன்னபோது ஒருவர் "முருகன் செஞ்ச அதிசயம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகன் கேட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிட்டான். ஆனால் அய்யா, ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு அறிவும் இரக்கமும் இருந்ததா உங்களுக்கு அதிசயம்? பால்குடம் எடுக்கிற நமக்கு அது இல்லாததுதான் எனக்கு அதிசயம்.

இந்த வருடம் வேலியோரம் நான்கு வரிசைச் சோளத்தை அறுக்காமல் விட்டேன். மயில் தின்கிறது; தின்னட்டும். கிணற்றடித் தொட்டியில் ஆட்டுக்கும் பறவைக்கும் தண்ணீர் நிற்கிறது. சிந்திய மணியைப் பொறுக்க வருபவர்களிடம் நான் கணக்குக் கேட்பதில்லை. முந்தியை உதறச் சொன்னதற்கு, அதே பத்துப் பேர் முன்னால் பேச்சியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தகுதி இல்லை. புதிதாகப் பாட்டு எதுவும் கட்டவில்லை.

நம்புங்கள், அடியார்களே. கூப்பிட்டால் அவன் வருகிறான். வேலோடும் மயிலோடும்தான் வருவான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மண்வெட்டியோடும் வருவான். கும்பிடுவதற்கு முன் உங்கள் கையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

அன்று குழியை மூடியதும், மாலையைக் கழற்றிவிடப் போகிறேன் என்றேன். பேச்சியம்மாள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு, ஒரு முறை திரும்பினார்.

"எதுக்குக் கழட்டணும்? நடந்து போயிட்டே வாங்க. மயிலு எங்கடான்னு முருகன் கேட்டா, ஓடைக்கரையில உடைமரத்துக்கிட்ட இருக்குன்னு அடையாளம் சொல்லுங்க. யாரு பொதச்சான்னு எம்பேரச் சொல்ல வேணாம். யாரு கொன்னான்னு ஒங்க பேரச் சொல்லுங்க, போதும்."